வாக்குவம் கிளீனர் மோட்டார்: "போய்விட்டது" என்று முடிவு கட்டும் முன்

நம் கடைகள் பலவற்றில் பரண் மேலோ மாடிப்படியின் அடியிலோ ஒரு பழைய வாக்குவம் கிளீனர் கிடப்பதைப் பார்க்கலாம். 1982-இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தார் வீடு வீடாக ஏறி, வாசலிலேயே இயக்கிக் காட்டி விற்ற காலத்திலோ அதற்குப் பின்னரோ வீட்டுக்கென்று வாங்கியதாக இருக்கும். வீட்டில் புதியது வந்ததும் கடைக்கு வந்து சேர்ந்திருக்கும். அலமாரி இடுக்கில் தங்கும் மாவு, பருப்பு டின்களுக்குப் பின்னால் சேரும் தூசி, மரச்சட்டத்தின் வெடிப்பில் குடியிருக்கும் வண்டு, அந்து ஆகியவற்றை எடுக்க இதைப்போல் உதவும் சாதனம் வேறில்லை. துடைப்பம் தூசியை இடம் மாற்றுகிறது, இது அப்புறப்படுத்துகிறது.

ஆனால் கடைக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில் இயந்திரம் நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால், "மோட்டார் போய்விட்டது, புதியது போட வேண்டும்" என்ற பதில் வருகிறது. அதற்கு ஆகும் தொகையைக் கேட்டதும் நாம் பரணில் ஏற்றிவிடுகிறோம். உண்மையில் இப்படி ஒதுக்கப்பட்டவற்றில் பலவற்றின் மோட்டார் போகவே இல்லை. கார்பன் தேய்ந்திருக்கும், பில்டர் அடைத்திருக்கும், அல்லது கைப்பிடி அருகே ஒயர் அறுந்திருக்கும். மோட்டார் நிஜமாகவே எரிந்துபோன இடங்களிலும் விசாரித்துப் பார்த்தால், அது வயதால் எரிந்ததல்ல, காற்று கிடைக்காமல் எரிந்தது என்பது தெரியவரும். ஆகவே இந்த மோட்டார் எப்படி வேலை செய்கிறது, எதனால் கெடுகிறது, நம் கையால் எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மிக்ஸிக்கு உடன்பிறந்த மோட்டார்

வாக்குவம் கிளீனரில் இருப்பது நம் வீட்டு மிக்ஸியில் இருக்கும் அதே வகை மோட்டார். இதற்கு யுனிவர்சல் மோட்டார் என்று பெயர். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் என்பதால் அந்தப் பெயர். கிணற்று மோட்டாரும் மாவு அரைக்கும் வெட் கிரைண்டர் மோட்டாரும் வேறு வகை. அவற்றில் கார்பன் கிடையாது. சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 400 சுற்றைத் தாண்டுவது அரிது. மோனோபிளாக் பம்பு ஏறத்தாழ 2,900 சுற்று. வாக்குவம் கிளீனர் மோட்டாரோ மாடலுக்கேற்ப 15,000 முதல் 25,000 சுற்று வரை ஓடுகிறது. இந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் புரியும். இந்த வேகத்தில் ஒரு சாக்கு நார் சுற்றிக்கொண்டாலும், விசிறி இதழில் ஒரு பக்கம் மாவு அப்பிக்கொண்டாலும், பேரிங் அந்த ஆட்டத்தைத் தாங்காது.

மோட்டாரின் நடுவில் சுழல்வது ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் செப்புப் பட்டைகளை வரிசையாக அடுக்கிய உருளை இருக்கிறது, அதுதான் கம்யூட்டேட்டர். பட்டைகளுக்கு இடையே மைக்கா தகடு. இந்த உருளையை இரு பக்கமும் உரசி நிற்பவை இரண்டு கார்பன் கட்டிகள். ஸ்பிரிங் அவற்றைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். மின்சாரம் நிற்கிற இடத்திலிருந்து சுழல்கிற இடத்துக்குப் போவது இந்த இரண்டு கட்டிகளின் வழியாகத்தான். அவை தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை. சைக்கிள் பிரேக் கட்டை தேய்ந்தால் சைக்கிளைத் தூக்கிப் போடுகிறோமா? மாற்றுகிறோம். இங்கும் அப்படியே.

இந்த இடத்தில் ஒரு செய்தி. இன்று உலகெங்கும் உள்ள கையடக்க மின்சார வாக்குவம் கிளீனர்களின் முன்னோடியை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கான்டன் என்ற ஊரில் ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்த ஜேம்ஸ் மர்ரி ஸ்பேங்ளர். ஆஸ்துமா நோயாளி. கடையைப் பெருக்கும்போது எழும் தூசி அவருக்கு ஆகவில்லை. மின்விசிறி மோட்டார் ஒன்றையும் துடைப்பக் கழியையும் சேர்த்து, தூசி சேரத் தலையணை உறை ஒன்றைக் கட்டித் தன் முதல் இயந்திரத்தைச் செய்தார். 1908-இல் காப்புரிமை பெற்றார். அதை வாங்கித் தொழிலாக வளர்த்தவர்தான் தோல் பொருள் வணிகரான ஹூவர். கடையில் பிறந்த இயந்திரம் என்று நாம் தாராளமாக உரிமை கொண்டாடலாம்.

சத்தம் கூடினால் சக்தி கூடவில்லை

பழைய வீட்டு உபயோக மாடல்களில் பெரும்பாலானவற்றில், தூசியோடு உள்ளே வரும் காற்று பையில் வடிகட்டப்பட்டு, விசிறியைக் கடந்து, அதன்பின் மோட்டாரின் காயில் மேலேயே பாய்ந்து வெளியேறுகிறது. மோட்டாரைக் குளிர வைப்பது அந்தக் காற்றுதான். வேறு ஏற்பாடு கிடையாது. பை நிறைந்துவிட்டாலும், பில்டர் அடைத்துக்கொண்டாலும், குழாயில் ஒரு பாலிதீன் கவர் சிக்கிக்கொண்டாலும் மோட்டார் மூச்சுத் திணறும்.

அப்போது சத்தம் கூடும். ஊய் என்று உச்ச ஸ்தாயியில் இரையும். கடையில் வேலை செய்பவர் "நல்லா இழுக்குது" என்று நினைத்துக்கொள்வார். நடப்பது அதற்கு நேர்மாறு. விசிறிக்குத் தள்ளக் காற்று இல்லாததால் சுமை குறைந்து, மூட்டை இறக்கிய வண்டி போல மோட்டார் வேகமெடுக்கிறது. அப்போது அது எடுக்கும் மின்சாரமும் குறைவுதான். ஆனால் உண்டாகும் சூட்டை வெளியே கொண்டுபோகக் காற்று இல்லை. சில நிமிடங்களில் பின்பக்கக் காற்று சுட ஆரம்பிக்கும். பிறகு வாடை வரும். கடையில் இந்த இயந்திரத்தைப் பயன்படுத்துவோர் எல்லோருக்கும் நாம் சொல்லி வைக்க வேண்டிய முதல் பாடம் இதுதான்: சத்தம் மாறினால் உடனே நிறுத்து, பையைப் பார், குழாயைப் பார்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோய், அரை மணி நேரம் கழித்துத் தானாக ஓடினால் அது மோட்டார் கோளாறு என்று அவசரப்பட வேண்டாம். உள்ளே சூடு கண்டு துண்டிக்கும் சிறு சாதனம் ஒன்று சில மாடல்களில் உண்டு. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. வேறு சில மாடல்களில் ஒருமுறை சூடேறினால் நிரந்தரமாக அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ் இருக்கும். அதை மாற்றும்போது அதே வெப்ப அளவு எழுதிய ஃபியூஸையே போட வேண்டும். அதற்குப் பதில் ஒரு துண்டு ஒயரை முறுக்கி விட்டு "சரியாகிவிட்டது" என்று தருபவர் நமக்கு உபகாரம் செய்யவில்லை. அடுத்த முறை சூடேறும்போது தடுக்க எதுவும் இருக்காது. மரப் பலகையும் சாக்கும் காகிதமும் நிறைந்த கடையில் அது நடக்கும்.

காற்றை வேறு வழியில் பெறும் டிரம் மாடல்களில், அதாவது ஈரம், உலர்வு இரண்டையும் உறிஞ்சுபவற்றில், மோட்டாருக்கெனத் தனிச் சிறு விசிறி உண்டு. குழாய் அடைத்தால் அவை அவ்வளவு விரைவில் சூடாவதில்லை. ஆனால் தலைப்பகுதியில் உள்ள காற்றுத் துளைகளைச் சாக்கு நார் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மளிகைக் கடைத் தூசி வேறு

வீட்டுத் தூசிக்காகச் செய்த இயந்திரத்தை நாம் மளிகைக் கடையில் பயன்படுத்துகிறோம் என்பதை மறக்கலாகாது. வீட்டில் வருவது முடி, நூல், மண். நம்மிடம் வருவது மைதா, கடலை மாவு, மிளகாய்த்தூள், சர்க்கரைப் பொடி, உப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

மைதா துணிப் பையின் நூலிடுக்கில் புகுந்து அடைக்கும். அந்தப் பையைத் துவைத்து ஈரத்தோடு மாட்டினால் என்ன ஆகும் என்பதைச் சினிமா போஸ்டர் ஒட்டுபவரைக் கேட்டால் சொல்வார். அவர் வாளியில் வைத்திருப்பதும் அதே பசைதான். ஆகவே துணிப் பையை முதலில் நன்றாக உதறி, தூசி போன பிறகே அலச வேண்டும். வெயிலில் முழுதாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். காகிதப் பையை அலசவே கூடாது. கூடுமானால் துணிப் பை இரண்டு வைத்துக்கொள்வது நல்லது.

உப்பு ஈரத்தை இழுக்கும். உள்ளே படிந்த உப்புத் தூசி மழைக்காலத்தில் நீர் கோத்து, செப்பைப் பச்சை பிடிக்க வைக்கும், இணைப்புகளை அரிக்கும். உப்பு மூட்டை இறக்கும் இடத்துக்குத் துடைப்பமே போதும். வெல்லப் பிசுக்கு ஒட்டிய தூசியும் அப்படியே. சாக்கு நார் குழாயைக் கடந்து வந்து, பை கிழிந்திருந்தால் விசிறி அச்சில் சுற்றிக்கொள்ளும். மிளகாய்த்தூளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பை சரியில்லை என்பதைக் கடையில் உள்ள எல்லோரும் தும்மியே தெரிவித்துவிடுவார்கள்.

வண்டு எடுக்கப் பயன்படுத்தியிருந்தால் பையை அன்றே கடைக்கு வெளியே கொண்டுபோய்க் காலி செய்ய வேண்டும். உறிஞ்சப்பட்டதால் மட்டும் வண்டு சாவதில்லை. பைக்குள் மாவும் இருக்கிறது, அதுவும் இருக்கிறது. நாமே அதற்குச் சாப்பாடு போட்டு வளர்த்த கதையாகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கார்பன் உரசும் இடத்தில் எப்போதும் சிறு பொறி இருக்கும். காற்றில் மிதக்கும் நுண்ணிய மாவும் சர்க்கரைத் தூளும் தீப்பற்றக் கூடியவை. 1878 மே 2 அன்று அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரின் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2008 பிப்ரவரி 7 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் தூள் வெடித்து 14 உயிர்கள் போயின. நம் கடையில் சிந்தும் கால் கிலோ மாவை ஆலையோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் மூட்டை கிழிந்து கொட்டிய மாவை முறத்தில் அள்ள வேண்டுமே தவிர, இந்த இயந்திரத்தை வைத்து உறிஞ்சக் கூடாது. பை கிழிந்த இயந்திரத்தை மாவின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கற்பூரத் துண்டு, தீக்குச்சி, அணையாத ஊதுபத்திச் சாம்பல், மண்ணெண்ணெய் சிந்திய இடம், தீபாவளிச் சமயத்தில் பட்டாசு வைத்த அலமாரி ஆகியவற்றுக்கும் இது ஆகாது.

திறந்து சுத்தம் செய்தல்

ஆண்டுக்கு ஒருமுறை, கடை விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். பழைய கட்டடங்களில் பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கும் பிளக் பாயிண்டுகள் ஏராளம். அங்கே ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிடம் விட்டுத்தான் கை வைக்க வேண்டும். ரேடியோ, டி.வி.யில் இரைச்சல் வராமலிருக்கப் பொருத்திய சிறு கண்டென்சர் உள்ளே இருக்கக்கூடும்.

ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை இல்லை. திருகாணிகளை ஒரு தம்ளரில் போட்டு வையுங்கள்; நீளமும் குட்டையும் கலந்திருக்கும். மோட்டாரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தையும் பஞ்சையும் கவனமாக எடுக்க வேண்டும். அவைதாம் காற்று பக்கவாட்டில் கசியாமல் காப்பவை. கிழிந்திருந்தால் புதியது போடாமல் மூடக் கூடாது.

உள்ளே ஒட்டியிருக்கும் தூசியை ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ் கொண்டு உலர்வாகவே தட்டி எடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் புளோயர் கிடைத்தால் நல்லது. இல்லையேல் சைக்கிள் பம்பே போதும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரிடம் கொண்டுபோகும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம். தூசியை வெளியே தள்ளுவதற்குப் பதில் காயிலின் உள்ளே திணித்துவிடும். வேறு வழியில்லை என்றால் தூரத்தில் பிடித்து, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் கூடாது. காயில் மேலுள்ள வார்னிஷைக் கரைத்துவிடும். மிச்சமிருக்கும் ஆவியில் கார்பன் பொறி பட்டால் தீ. முற்காலத்தில் கார்பன் டெட்ரா குளோரைடு போட்டுக் கழுவுவார்கள். அது கல்லீரலுக்கு நஞ்சு என்பதால் அந்தப் பேச்சே வேண்டாம். பிசுக்கு இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலர விட வேண்டும்.

விசிறி இருக்கும் தகர மூடியைச் சில மாடல்களில் மடித்து அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அதை நெம்பத் தொடங்கினால் மூடி கோணலாகிவிடும்; அங்கே நாம் நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். விசிறியைக் கழற்றவே வேண்டியிருந்தால், நட்டு இடப்பக்கத் திருகாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்து, பலம் காட்டுவதற்கு முன் இரு பக்கமும் மெதுவாகத் திருகிப் பார்க்க வேண்டும்.

கார்பன் கணக்கு

கார்பன் ஜோடியின் ஆயுள் பொதுவாகச் சில நூறு மணி நேரம். 500 மணி என்று வைத்துக்கொள்வோம். தினமும் அரை மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 150 மணி. அதாவது மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் வரும். வீட்டில் வாரம் ஒருமுறை ஓடி இருபது ஆண்டு தாங்கிய இயந்திரம் கடைக்கு வந்ததும் "கெட்டுப்போவதன்" ரகசியம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கார்பனை வெளியே எடுக்கும்போது எது இடது, எது வலது, எந்த முகம் மேலே என்று குறித்துக்கொள்ள வேண்டும். நீளம் பாதிக்கு வந்திருந்தால் புதிய ஜோடி ஒன்றை வாங்கி வைக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிட வேண்டும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது மிச்சமல்ல. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விட்டால், கட்டி தீர்ந்து ஸ்பிரிங்கே செப்பைக் கீறத் தொடங்கும். சிறு செலவில் முடிய வேண்டியது அப்போது ஆர்மேச்சர் செலவாகிவிடும்.

வாங்கும்போது பழைய கட்டியைக் கையில் கொண்டுபோய், அகலமும் கனமும் பார்த்து வாங்க வேண்டும். மிக்ஸி உதிரிபாகக் கடைகளில் பல அளவுகள் கிடைக்கும். சற்றுப் பெரிதாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துச் சரி செய்யலாம் என்பார்கள், செய்யலாம். ஆனால் கார்பனிலும் கடினம், மிருது என்று ரகம் உண்டு. அளவு சரியாக இருக்கிறது என்று கடினமான ரகத்தைப் போட்டால் செப்பு தேயும். இயந்திரத்துக்கென்றே விற்பது கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே வாங்குவது நல்லது. கட்டி அதன் கூட்டுக்குள் தடையின்றி வழுக்கிப் போக வேண்டும். ஆடவும் கூடாது, சிக்கவும் கூடாது.

கம்யூட்டேட்டர் காப்பி நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். அந்தப் படலம் அழுக்கு அல்ல. கார்பனும் செப்பும் பழகியதால் வந்த நல்ல மேற்பூச்சு. பளபளவென்று தேய்த்து வைப்பவர் வேலை தெரிந்தவர் அல்லர். கருகியிருந்தாலோ சொரசொரப்பாக இருந்தாலோ மட்டும் மிக மென்மையான ஜீரோ நம்பர் உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து, ஆர்மேச்சரைக் கையால் சுற்றியபடி லேசாகத் துடைக்கலாம். எமரித்தாள் கூடாது. அதன் துகள் செப்பில் பதிந்து கார்பனை அரிக்கும். மின்சாரம் கடத்தும் தன்மையும் அதற்கு உண்டு. பட்டைகளின் இடுக்கில் சேர்ந்த கார்பன் தூளைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிட வேண்டும். மைக்கா மேலே துருத்திக்கொண்டிருந்தால் அது வைண்டிங் கடைக்காரர் வேலை.

புதிய கார்பன் போட்டதும் முழு வேகத்தில் ஓட விடக் கூடாது. கட்டியின் முகம் உருளைக்கேற்ப வளைவாகப் பதிய வேண்டும். எலக்ட்ரீஷியன்களிடம் இருக்கும் சீரிஸ் லாம்ப் இதற்கு மிக உதவும். 200 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துவிட்டால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படிச் சுற்ற விட்டுப் பிறகு நேர் மின்சாரம் கொடுக்கலாம். பல்பு எரியவே இல்லை என்றால் எங்கோ வழி அறுந்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இதைச் செய்து பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனையே செய்யச் சொல்லுங்கள்.

ஓடும்போது கார்பனடியில் நீல நிறத்தில் சிறு பொறி தெரிவது இயல்பு. உருளையைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்த வேண்டும். ஆர்மேச்சரில் காயில் அறுந்திருக்கலாம், அல்லது ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம்.

பேரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

அச்சைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மணல் கடிப்பது போல் உணர்ந்தாலோ, மேலும் கீழும் ஆட்டம் கொடுத்தாலோ பேரிங் முடிந்துவிட்டது என்று பொருள். மூடி போட்ட பேரிங்கில் எண்ணெய் விடுவதால் பயனில்லை. மண்ணெண்ணெயில் கழுவினால் இருக்கும் கிரீஸும் போய்விடும். கடையில் கைக்கெட்டும் தூரத்தில் தேங்காய் எண்ணெய் இருப்பதால் அதை விடுபவர்கள் உண்டு. அது மார்கழிக் குளிரில் உறையும், நாளடைவில் பிசினாகும், வழிந்து கம்யூட்டேட்டரில் பட்டால் கார்பனும் கெடும். மிகப் பழைய மாடல்களில் பேரிங்குக்குப் பதில் புஷ்ஷும் கம்பளித் திரியும் இருக்கும். அவற்றுக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

பேரிங் மேல் எண் பொறித்திருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. அந்த எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். கம்பெனி உதிரிபாகம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். கழற்றுவதற்குப் புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டி எடுத்தால் அச்சு வளையும். 20,000 சுற்றில் அந்த வளைவு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒயரும் மின்சாரமும்

1000 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் எடுக்கும். 1400 வாட் என்றால் 6 ஆம்பியரைத் தாண்டும். அதைச் சிறிய பிளக் பாயிண்டில் மாட்டக் கூடாது. உள்ளே சுருளும் ஒயர் உள்ள மாடல்களில் ஒயரை முழுவதும் வெளியே இழுத்துவிட்டே ஓட்ட வேண்டும்; சுருண்ட நிலையில் ஒயரே சூடாகும். இயந்திரத்துக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். டேப் சுற்றினால் போதாது. ஈரத் தரையில் நின்று அதைப் பிடிப்பவர் நம் கடை ஊழியர். அவர் வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத கடைகள் முதலில் அதைப் பொருத்திக்கொள்வது நல்லது. கடைத்தெருவில் நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வரை ஏறும்போது பிளக்கில் மாட்டியிருக்கும் எதுவும் பிழைக்காது. ஆகவே வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் வேண்டும்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

"மோட்டார் போய்விட்டது" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். மூன்று விஷயம் கேட்டால் போதும். கார்பனின் நீளம் எவ்வளவு இருந்தது? கம்யூட்டேட்டரில் பட்டை கருகியிருக்கிறதா, காட்ட முடியுமா? 500 வோல்ட் மெக்கரில் பாடிக்கும் காயிலுக்கும் இடையே எவ்வளவு காட்டுகிறது? ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஈரமாக இருந்து அப்படிக் காட்டினால் வெயிலில் காய வைத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் தருமாறு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஃபீல்டு காயில் எரிந்திருந்தால் ரீவைண்டிங் செய்யலாம். ஆர்மேச்சர் எரிந்திருந்தால் யோசிக்க வேண்டும். கையால் சுற்றிய ஆர்மேச்சர் இந்த வேகத்தில் சமநிலை தவறாமல் ஓடுவது கடினம். பெரும்பாலும் முழு மோட்டாரை மாற்றுவதே லாபம். அப்போது மோட்டாரின் வாட், மொத்த உயரம், விசிறி மூடியின் விட்டம், ஒரு விசிறியா இரண்டு விசிறியா என்ற நான்கையும் அளந்து எழுதிக்கொண்டு போனால் பொது ரகத்திலேயே பொருத்தமானது கிடைக்க வாய்ப்புண்டு. வாட் அதிகமாக இருந்தால் நன்றாக இழுக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1600 வாட்டுக்கு மேலும், 2017 செப்டம்பரில் 900 வாட்டுக்கு மேலும் உள்ள வீட்டு வாக்குவம் கிளீனர்களைச் சந்தைக்குக் கொண்டுவரத் தடை போட்டது. அதன் பிறகும் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. இன்று விற்கும் கம்பியில்லாத மாடல்கள் பலவற்றில் கார்பனே கிடையாது. அவற்றில் மோட்டாருக்கு முன்னால் பாட்டரிதான் கேள்வி கேட்கும்.

பழைய மோட்டாரை எடைக்குப் போடும் முன் அதன் கார்பன் கூடு, ஸ்பிரிங், ரப்பர் வளையம் மூன்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, மாடல் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். பழைய மாடல்களுக்கு ரப்பர் வளையம் கிடைப்பது அரிதாகி வருகிறது.